ஈர விளிம்பு

சாட்ஸ்வொர்த், பேவியூ. ஒரு கூரை, இரண்டு வீடு.
நடுவே இறங்கும் மழைநீர்க் குழாய்தான் எல்லை.
இடது பாதி என்னுடையது.
வலது பாதி தவநாதன் கோவெண்டருடையது.
அந்தக் குழாய் ஒழுகத் தொடங்கியபோது
காசு யார் கொடுப்பது என்பதில் நின்றுபோன பேச்சு
ஒன்பது வருஷமாய் அங்கேயே நிற்கிறது.
ஒழுகல் நிற்கவில்லை.
இரண்டு பக்கமும் பாசி, ஒரே முகத்தின் கறுத்த தாடியாய்.

ஓய்வுத் தொகை வந்ததும் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன்.
மாதிரிப் பலகைகளை மேசையில் பரப்பினான் பையன்.
அக்ரிலிக் மலிவு. விரலுக்கு ரப்பர்போல் இருந்தது;
அதற்குள் சுவர் புழுங்கும்.
சிலிக்கேட் நல்லதுதான், பழைய பெயிண்டின்மேல் பிடிக்காது.
சிலிக்கோன் பலகையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினான்:
சேம்பிலையில் விழுந்ததுபோல் திரண்டு, உருண்டு, ஓடியது.
"வெளி ஈரம் உள்ளே போகாது மேடம்,
உள்ளே இருக்கிற ஆவி மட்டும் வெளியே வந்துவிடும்."
என் வீட்டில் அப்படி ஒன்றாவது இருக்கட்டும் என்று
அதையே எடுத்தேன்.

அடர்நீலம்தான் ஆசை.
அடர்நிறம் வெயிலைக் குடித்துக் குடித்து வெடிக்குமாம்.
சரி, மணல்நிறம். ஒன்றரை மில்லிமீட்டர் மணி.
சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ,
என் பாதி இருபத்தேழு மீட்டர், ஆக மூன்று வாளி.
மூன்றிலும் ஒரே பேட்ச் நம்பரா என்று பார்த்து வாங்கச் சொன்னவர்
ஹராரேக்காரர் லவ்மோர்.

வைத்தியர் முதுகைத் தட்டுவதுபோல்
சுவரைத் தட்டிக் கேட்டார்.
பொள்ளலாய் ஒலித்த இடங்களைக் கொத்தி எறிந்தார்.
பாசிக்கு மருந்து. விரிசலுக்கு வலை.
வலை மறைய அடிப்பூச்சு, அது காய ஐந்து நாள்.
பிறகு குழாயைப் பார்த்தார்.
"இது ஒழுகும்வரை எந்தப் பூச்சும் நிற்காது."
குழாய்க்கு நானே கொடுத்தேன். எண்ணூறு ரேண்ட்.
இவ்வளவுதானா என்று கடைக்காரனிடம் இரண்டு தடவை கேட்டேன்.

பழையதைக் கழற்றினால், பின்னால் நாலு விரல் அகலத்தில்
முனிசிபாலிட்டி அடித்த முதல் பச்சை.
எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அதே பச்சை.
லவ்மோர் அதன்மேல் பிரைமர் அடித்தார்.

பூச வேண்டிய நாளில் பெர்க் காற்று,
மலைப்பக்கமிருந்து அடுப்பைத் திறந்ததுபோல்.
துவைத்துப் போட்ட துண்டு அரைமணியில் விறைத்தது.
லவ்மோர் வாளியைத் திறக்கவே இல்லை.
"ஈர விளிம்பு செத்துவிடும்."
பூசிய ஓரம் காய்வதற்குள் அடுத்த பூச்சு வந்து தொட வேண்டும்.
நடுவில் டீ குடிக்கப் போனால்
அந்த டீ ஆயுளுக்கும் சுவரில் தெரியும்.
நிறுத்துவதென்றால் ஒரு மூலையில் நிறுத்து,
இல்லையென்றால் ஒரு குழாயில்.

மறுநாள் மேகம். சாரத்தில் இரண்டு பேர்.
லவ்மோர் கரணையால் இழுத்துக்கொண்டே போக,
பின்னாலேயே அவர் தம்பி பிளாஸ்டிக் பலகையால்
சின்னச் சின்ன வட்டம்,
பிள்ளையார் சுழியோடு நிறுத்தி
மேற்கொண்டு எதுவும் எழுதாதவன்போல்.
எல்லைக்கோட்டு டேப்பில் வந்து முடித்தார்கள்.
உரித்தபோது கத்தியால் கீறியதுபோல் ஒரு நேர்கோடு.
இந்தப் பக்கம் மணல். அந்தப் பக்கம் தாடி.
சந்தோஷமாய்த்தான் இருந்தது, ஏன் ஒளிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மழை.
துளிகள் உருண்டு ஓடுவதைப் பார்க்கக் குடையோடு வெளியே வந்தேன்.
வேலிக்கு அப்பால் தவநாதனும்
என் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், குடையில்லாமல்.
அவருக்கென்று தயார் செய்து வைத்த வாக்கியங்கள்
என்னிடம் நிறைய உண்டு.
அவர்தான் தொண்டையைச் செருமினார்.
"பேட்ச் நம்பர் என்ன?"

வாளி மூடியைத் தேடிக் கொண்டுவந்தேன்.
அப்பியிருந்ததை நகத்தால் சுரண்டி
ஒவ்வோர் இலக்கமாய் வாசித்தேன்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
மழைச் சத்தத்தில் கடைசி இலக்கம் கேட்கவில்லை அவருக்கு.
"ஃபைவா? நைனா?"

நைன், என்றேன்.
சத்தமாக, இன்னொரு முறையும்.